அறிவுசார் குறைபாடுடையோரின் உழைப்பும் குறைந்தபட்சக் கூலி விலக்கும்: அமெரிக்க வரலாற்றில் அட்டலிசா வழக்கு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1938ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நியாயமான உழைப்புத் தரச் சட்டம், குறைபாடுடைய தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழாக ஊதியம் வழங்க இடமளித்தது. இவ்விலக்கு தோன்றி வளர்ந்த வரலாற்றையும், அயோவா மாநிலத்தின் அட்டலிசா என்னும் சிற்றூரில் 1974 முதல் 2009 வரை வான்கோழி ஆலையில் உழைத்த அறிவுசார் குறைபாடுடைய ஆண்களின் நிலையையும் இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. அட்டலிசாவில் நிகழ்ந்ததை ஒரு தனி நிறுவனத்தின் கொடுமையாக மட்டும் கருதுவது போதாது என்பதும், உழைப்பாளரின் 'திறன்' எவ்வாறு அளக்கப்பட்டது என்ற கேள்வியோடு அது பிணைந்தது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: அறிவுசார் குறைபாடு, குறைந்தபட்சக் கூலி, காப்புப் பணிக்கூடம், அட்டலிசா, உழைப்பு வரலாறு.

முன்னுரை

2009ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அயோவா மாநில அலுவலர்கள் அட்டலிசாவில் குன்றின்மேல் இருந்த பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றினுள் நுழைந்தனர். அங்கு அறிவுசார் குறைபாடுடைய 21 ஆண்கள் தங்கியிருந்தனர். அவர்களுள் பலர் ஐம்பது, அறுபது வயதைத் தொட்டவர்கள். டெக்சாஸ் மாநிலத்திலிருந்து இளமையில் அழைத்துவரப்பட்டு, அருகிலுள்ள வெஸ்ட் லிபர்ட்டி நகரின் வான்கோழி ஆலையில் பல பத்தாண்டுகள் உழைத்தவர்கள். கட்டடத்தின் வெப்பமூட்டும் கருவி பழுதாகியிருந்தது. சன்னல்கள் பலகைகளால் அடைக்கப்பட்டிருந்தன. எங்கும் கரப்பான் பூச்சிகள் மண்டியிருந்தன. ஒவ்வொருவரும் பெற்ற ஊதியம் மாதத்துக்கு 65 டாலர். மாதத்துக்கு 160 மணிநேர வேலை எனக் கணக்கிட்டால் மணிக்கு ஏறத்தாழ 41 சென்ட் ஆகிறது.

இச்செய்தி வெளிவந்தபோது எழுந்த முதல் வினா, சட்டங்கள் மிகுந்த ஒரு நாட்டில் இது எவ்வாறு முப்பத்தைந்து ஆண்டுகள் தொடர்ந்தது என்பதாகும். இதற்கு விடை காண அட்டலிசாவை மட்டும் நோக்கினால் போதாது. அறிவுசார் குறைபாடுடையோரின் உழைப்பை அமெரிக்கச் சமூகம் எக்காலத்தில் எப்பெயரிட்டு அழைத்தது, எவ்வாறு மதிப்பிட்டது என்பதைப் பின்னோக்கிச் சென்று காண வேண்டியுள்ளது.

கலைச்சொற்கள் குறித்து ஒரு சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆவணங்கள் இம்மக்களைக் குறிக்கப் பயன்படுத்திய சொற்கள் இன்று வசையாகிவிட்டன. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டங்களில் 'மனவளர்ச்சி குன்றல்' என்ற பொருளுடைய தொடரை நீக்கி 'அறிவுசார் குறைபாடு' என்று மாற்றியது 2010ஆம் ஆண்டின் ரோசா சட்டம். தமிழிலும் 'மனவளர்ச்சி குன்றியோர்' என்பது மெல்ல வழக்கொழிந்து வருகிறது. இக்கட்டுரை எக்காலத்தைப் பேசும்போதும் 'அறிவுசார் குறைபாடு' என்ற தொடரையே ஆள்கிறது.

பள்ளியிலிருந்து பண்ணைக்கு

மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்குச் சாமுவேல் கிரிட்லி ஹோவ் 1848இல் அளித்த அறிக்கையே அமெரிக்காவில் இத்துறையின் தொடக்கப் புள்ளி. பார்வையற்றோர் பள்ளியை நடத்திவந்த ஹோவ், அறிவுசார் குறைபாடுடைய சிறுவர்களுக்கும் கல்வி இயலும் என்று வாதிட்டார். அவ்வாண்டிலேயே பத்து மாணவர்களுடன் ஒரு சோதனைப் பள்ளி தென் பாஸ்டனில் தொடங்கப்பட்டது. பயிற்சி முடிந்தபின் மாணவர் தம் குடும்பத்துக்கும் ஊருக்கும் திரும்பிச் சென்று ஏதேனும் ஒரு தொழிலில் அமர வேண்டும் என்பதே அவர் நோக்கம். பிரான்சிலிருந்து வந்த எட்வார்ட் செகேனும் இதே நம்பிக்கையுடையவர்.

அந்நம்பிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. ஊரில் வேலை கிடைக்காதபோது மாணவர் பள்ளியிலேயே தங்கினர். பள்ளி விடுதியாயிற்று, விடுதி காப்பகமாயிற்று. நூற்றாண்டின் இறுதியில் வால்டர் ஃபெர்னால்ட் போன்ற கண்காணிப்பாளர்கள் காப்பகங்களுக்கென்று பண்ணைகளை அமைத்தனர். உடல்வலிமை உடையோர் பால் கறந்தனர், கிழங்கு தோண்டினர், துணி வெளுத்தனர், தம்மினும் மிகுந்த குறைபாடுடையோரைக் குளிப்பாட்டி உணவூட்டினர். இவ்வுழைப்புக்குக் கூலி இல்லை. இதைச் சிகிச்சை என்றனர். காப்பகத்தின் ஆண்டுச் செலவைக் குறைத்துக் காட்டியதும் இச்சிகிச்சைதான். நன்கு உழைப்பவரை வெளியே அனுப்பக் காப்பகங்கள் தயங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். வெளியே சென்று பிழைக்கும் ஆற்றல் யாருக்கு மிகுதியாக இருந்ததோ அவரே காப்பகத்துக்கும் மிகத் தேவைப்பட்டார்.

1973இல் சௌடர் எதிர் பிரென்னன் வழக்கில் கொலம்பியா மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றம், காப்பகவாசிகளும் தொழிலாளரே. அவர்களுக்கும் கூலிச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. பல காப்பகங்கள் கூலி கொடுப்பதற்கு மாறாக வேலையையே நிறுத்தின. முப்பதாண்டுகள் பசுக்களைப் பேணியவர் ஒரு நாள் காலையில் தொழுவத்துக்குப் போக வேண்டாம் என்று கூறப்பட்டு, கூடத்தில் வெறுமனே அமர்த்தப்பட்டார். 1976இல் உச்ச நீதிமன்றம் மற்றொரு வழக்கில் மாநில அரசுகளுக்குக் கூலிச் சட்டம் பொருந்தாது என்று கூறியதால் சௌடர் தீர்ப்பின் பயனும் பெரும்பாலும் அற்றுப்போயிற்று. உரிமை வழங்கப்படும்போது வேலை மறைவதும், வேலை தொடரும்போது உரிமை மறைவதுமாகிய இச்சிக்கல் பின்னரும் பலமுறை தலைகாட்டுகிறது.

14ஆம் பிரிவும் நிறுத்துகடிகாரமும்

பெருமந்தக் காலத்தில் ரூசவெல்ட் அரசு தொழில்துறைக்குக் கூலி விதிகளை வகுத்தபோது, குறைபாடுடையோருக்கு விலக்களிக்கும் ஆணை ஒன்று 1934இல் பிறப்பிக்கப்பட்டது. அது 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவாக நிலைபெற்றது. அப்போது நாடு முழுமைக்குமான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 25 சென்ட். முதுமையாலோ உடல், மனக் குறைபாட்டாலோ ஈட்டும் திறன் குறைந்தோருக்கு, உழைப்புத் துறையின் சான்றிதழ் பெற்று இதனினும் குறைவாகக் கொடுக்கலாம் என்றது அப்பிரிவு. அது கூறிய காரணம் கருதத்தக்கது: அவர்களுக்கு வேலைவாய்ப்புச் சுருங்கிவிடாமல் தடுப்பதற்கே இவ்விலக்கு. முழுக் கூலி கட்டாயமானால் எவரும் இவர்களை அமர்த்தமாட்டார் என்ற ஊகம் இதனுள் இருந்தது. அவ்வூகம் அன்று சோதிக்கப்படவில்லை. பின்னர் நெடுங்காலம் எவரும் சோதிக்க முற்படவும் இல்லை.

தனியார் தொழிலுக்கு விதிகளின்படி 75 விழுக்காடு என்ற கீழ்வரம்பு இருந்தது. காப்புப் பணிக்கூடங்களுக்கு அவ்வரம்பு இல்லை. 1966ஆம் ஆண்டுத் திருத்தம் 50 விழுக்காடு என்னும் கீழ்வரம்பைச் சட்டத்திலேயே சேர்த்தது. ஆயினும் மிகுந்த குறைபாடுடையோருக்கான 'பணிச் செயல்பாட்டு மையங்கள்' என்ற புதிய வகையை அவ்வரம்பிலிருந்து விடுவித்தது. 1986ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கீழ்வரம்பு முற்றிலும் நீக்கப்பட்டது. அன்று முதல் கூலி என்பது அளக்கப்பட்ட உற்பத்தித் திறனின் விகிதமே. அதற்குக் கீழே தரை இல்லை.

அளக்கும் முறை எளியது. குறைபாடற்ற ஒருவர் ஒரு மணிநேரத்தில் 100 பெட்டிகளை மடித்து அடுக்குகிறார் என்று கொள்வோம். குறைபாடுடையவர் அதே நேரத்தில் 30 பெட்டிகளை அடுக்கினால், அவ்வட்டாரத்தில் அவ்வேலைக்கு வழங்கும் கூலியில் 30 விழுக்காடு அவருக்கு உரியது. மணிக்கூலி பெறுவோரை ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் மீண்டும் அளக்க வேண்டும். கணக்கு நேர்மையாகவே தோன்றுகிறது. எனினும் அது கேட்காத வினாக்கள் பல. அப்பெட்டி மடிக்கும் வேலை அவருக்கு ஏற்றதா? அதை அவருக்கு யார், எத்தனை நாள் கற்பித்தார்? மேசையின் உயரமும் பொருள்களின் வரிசையும் அவருக்கு ஒத்தவையா? நிறுத்துகடிகாரம் ஒருவர் அருகில் நிற்கும்போது அஞ்சும் இயல்புடையவரின் கை எவ்வளவு தளரும்? குறைபாடற்ற தொழிலாளர் எவரும் இவ்வாறு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தம் கூலிக்காகத் தேர்வெழுதுவதில்லை. சோம்பலான நாளிலும் அவருக்குக் குறைந்தபட்சக் கூலி உண்டு. குறைந்தபட்சக் கூலி என்னும் கருத்தின் உயிரே அதுதான்: உழைப்பின் அளவு எதுவாயினும் உழைப்பவர் ஒரு மனிதர் என்பதால் இதற்குக் கீழே போகக்கூடாது என்பது.

இந்திய வாசகருக்கு இவ்விலக்கு அயலானதன்று. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 26(1) பிரிவு, குறைபாடுடைய பணியாளரின் கூலிக்கு இச்சட்டம் பொருந்தாது என்று அரசு ஆணையிட இடமளித்தது. 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டமும் அறிவுசார் குறைபாட்டை ஊனத்தின் வரையறையில் சேர்த்துக்கொண்டு, வேலைக்கான 3 விழுக்காடு இடஒதுக்கீட்டில் அதற்கு இடம் தரவில்லை. பார்வை, செவி, இயக்கக் குறைபாடுகள் தலைக்கு ஒரு விழுக்காடு பெற்றன. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் ஒதுக்கீடு 4 விழுக்காடாகி, அறிவுசார் குறைபாடு உள்ளிட்ட பிரிவுகளுக்கு ஒரு விழுக்காடு கிடைத்தது. நலம் பெறத் தகுதியுடையோராகவும் வேலை பெறத் தகுதியற்றோராகவும் ஒரே சட்டத்துள் ஒரு மக்கட்பிரிவு இருபத்தோராண்டுகள் வைக்கப்பட்டிருந்தது தனியே ஆராயத்தக்கது.

பணிக்கூடங்களும் பெற்றோரும்

காப்புப் பணிக்கூடம் என்பது குறைபாடுடையோர் மட்டும் கூடி, மேற்பார்வையின்கீழ் எளிய ஒப்பந்த வேலைகளைச் செய்யும் இடம். முதலில் இவை பார்வையற்றோருக்காகவே அமைந்தன. பார்வையற்றோர் 1940இல் தேசியக் கூட்டமைப்பாகத் திரண்டு இக்கூலி முறையை எதிர்த்தனர். தமக்காகத் தாமே பேசி, எழுதி, வழக்காட அவர்களால் இயன்றது. அறிவுசார் குறைபாடுடையோருக்கு அந்நாளில் அத்தகைய அமைப்பு இல்லை. அவர்களுக்காகப் பேசியோர் பெற்றோர். 1950இல் பெற்றோர் தேசிய அளவில் ஒரு சங்கம் கண்டனர். பள்ளி சேர்க்க மறுத்த பிள்ளைகளுக்குத் தேவாலய நிலவறைகளிலும் வாடகைக் கட்டடங்களிலும் வகுப்பு நடத்தினர். பிள்ளைகள் வளர்ந்தபோது அவ்வகுப்புகளை அடுத்துப் பணிக்கூடங்கள் எழுந்தன.

இப்பெற்றோரை இன்றைய நோக்கில் குறைகூறுவது எளிது, அது முறையுமன்று. அவர்கள்முன் இருந்த மாற்று, காப்பகம். மகன் காலையில் உணவுப் பெட்டியோடு வெளியேறி மாலையில் வீடு திரும்புவதும், வாரக் கடைசியில் ஒரு காசோலையைக் கொண்டுவருவதும் அவர்களுக்குப் பெரும் வெற்றி. காசோலையின் தொகை இரண்டாம் நிலையிலேயே இருந்தது. பணிக்கூடங்கள் பெருகி, அவற்றில் அறிவுசார் குறைபாடுடையோரே பெரும்பான்மையினர் ஆயினர். 2001ஆம் ஆண்டு அமெரிக்க அரசுப் பொதுக் கணக்கு அலுவலகத்தின் அறிக்கைப்படி ஏறத்தாழ 5,600 வேலையளிப்போரிடம் 4,24,000 பேர் இவ்விலக்கின்கீழ் உழைத்தனர். அவர்களுள் நான்கில் மூன்று பங்கினர் அறிவுசார் குறைபாடுடையோர்.

பணிக்கூடம் வெளிவேலைக்கான படி என்று கூறப்பட்டது. ஆனால் படியேறியோர் மிகச் சிலரே. காரணம் அமைப்பிலேயே இருந்தது. ஒப்பந்த வேலையைக் குறித்த நாளில் முடிக்கக் கூடத்துக்கு வேகமான கைகள் வேண்டும். வேகமான கைகளையுடையவரே வெளியே செல்லத் தகுதி பெற்றவர். காப்பகப் பண்ணையின் பழைய முரண் இங்கும் தொடர்ந்தது.

கோல்டின் மிதிவண்டித் தடை

இவ்வூகங்களை ஆய்வுவழியே அசைத்தவருள் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மார்க் கோல்ட் குறிப்பிடத்தக்கவர். 1970களின் தொடக்கத்தில் அவர் பணிக்கூடங்களில் இருந்த இளையோருக்கு மிதிவண்டியின் பின்சக்கரத் தடையைப் பூட்டக் கற்பித்தார். முதலில் 15 உறுப்புகள் கொண்டது. பின்னர் 24 உறுப்புகள் கொண்டது. வேலையைச் சிறு சிறு செயல்களாகப் பகுத்தார். ஒரு குழுவினருக்கு, உறுப்பு எப்பக்கம் தம்மை நோக்க வேண்டுமோ அப்பக்கத்தில் வண்ணம் பூசிக் கொடுத்தார். பேச்சால் விளக்குவதைக் குறைத்துக் கையால் காட்டினார். பெட்டி மடிக்கவே இயலும் என்று மதிப்பிடப்பட்டோர் தடைகளைப் பூட்டினர். கற்றல் நிகழாதபோது குறையைக் கற்போரிடம் தேடாமல் கற்பிக்கும் முறையிடம் தேட வேண்டும் என்பது கோல்டின் நிலைப்பாடு. உற்பத்தித் திறன் என்பது ஒருவரின் உடலுக்குள் உறையும் நிலையான அளவு என்ற கருத்து இதனால் ஆட்டங்கண்டது. அதே மனிதர், வேறு வண்ணம், வேறு வரிசை, விளைவு வேறு. 14ஆம் பிரிவின் நிறுத்துகடிகாரம் எதை அளந்துகொண்டிருந்தது என்ற ஐயத்துக்கு இதைவிடக் கூரிய சான்று கிடைப்பது அரிது.

இதன் தொடர்ச்சியாக, முதலில் பயிற்சி, பின்னர் வேலை என்ற வரிசை தலைகீழானது. ஒருவரை நேரே பொதுப் பணியிடத்தில் அமர்த்தி, பணிப் பயிற்றுநர் ஒருவர் உடனிருந்து கற்பித்து, மெல்ல விலகுவது 'ஆதரவுடன் கூடிய வேலைவாய்ப்பு' எனப்பட்டது. 1986ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத் திருத்தம் இதற்கு நிதி ஒதுக்கியது. வியப்பு என்னவெனில், கூலியின் கீழ்வரம்பை நீக்கிய திருத்தமும் அதே ஆண்டின் அதே அக்டோபர் மாதத்தில் சட்டமாயிற்று. ஒரே மன்றம் ஒரு கையால் பொதுப் பணியிடத்தின் கதவைத் திறந்தது. மறு கையால் பணிக்கூடத்தின் செலவைக் குறைத்தது.

அட்டலிசா

டெக்சாசின் கோல்த்வெயிட் நகரை இருப்பிடமாகக் கொண்ட ஹில் கன்ட்ரி ஃபார்ம்ஸ் நிறுவனம், 'ஹென்றீஸ் டர்க்கி சர்வீஸ்' என்ற பெயரில் தொழில் நடத்தியது. 1960களின் இறுதியிலிருந்து அது டெக்சாசின் அரசுக் காப்பகங்களிலிருந்து இளைஞர்களை அழைத்துச் சென்று கோழி, வான்கோழி வேலைகளில் பழக்கியது. காப்பகங்களைக் காலி செய்ய வேண்டும் என்ற குரல் வலுத்த காலம் அது. வெளியே இடமும் வேலையும் தருவதாக ஒருவர் முன்வந்தபோது அரசு மகிழ்ந்தது; குடும்பங்களும் மகிழ்ந்தன. 1974இல் ஒரு குழு அயோவாவுக்கு வந்தது. ஊராட்சிக்குச் சொந்தமான பழைய பள்ளிக் கட்டடம் வாடகைக்கு எடுக்கப்பட்டது.

விடியுமுன் எழுந்து அவர்கள் வெஸ்ட் லிபர்ட்டிக்குச் சென்றனர். குடல் நீக்கும் வரிசையில், தலைகீழாகத் தொங்கி ஓடும் பறவைகளின் வயிற்றிலிருந்து உள்ளுறுப்புகளைப் பிடுங்குவது அவர்கள் வேலை. குளிர்ந்த, ஈரமான, இரத்தம் தெறிக்கும் இடம். பட்டையின் வேகம் அனைவருக்கும் ஒன்றே. குறைபாடுடையவர் என்று அது நின்று செல்வதில்லை. அருகில் நின்று அதே வேலையைச் செய்த மற்றோர் மணிக்கு 11, 12 டாலர் பெற்றனர். இங்கு உற்பத்தித் திறனை அளக்க நிறுத்துகடிகாரமே தேவையில்லை. வரிசையில் நாள்தோறும் நின்று ஈடுகொடுப்பவரின் திறனை அப்பட்டையே அளந்துகொண்டிருந்தது. 2008ஆம் ஆண்டில் ஆலை இவ்வுழைப்புக்காக நிறுவனத்துக்குச் செலுத்திய தொகை 5,00,000 டாலருக்கும் மிகுதி. மாதம் 65 டாலர் வீதம் 32 பேருக்கு ஓராண்டு கொடுத்தாலும் 25,000 டாலரை எட்டாது. அவர்களுக்குரிய அரசு உதவித்தொகையும் நிறுவனத்தின் கைக்கே சென்றது. உணவு, உறையுள், பராமரிப்பு ஆகியவற்றுக்கு ஈடாகக் கூலி கழிக்கப்பட்டதாக நிறுவனம் கூறியது.

ஏறத்தாழ 300 பேர் வாழ்ந்த அச்சிற்றூர் இவர்களை வெறுக்கவில்லை என்பது இவ்வரலாற்றின் மிகச் சங்கடமான பகுதி. ஞாயிறுதோறும் அவர்கள் தேவாலயம் சென்றனர். ஊர்த் திருவிழா ஊர்வலத்தில் நடந்தனர். ஊரார் அவர்களைப் 'பையன்கள்' என்று அன்போடு அழைத்தனர். அறுபது வயதிலும் அவர்கள் பையன்களே. பையன் என்பவனுக்குக் கைச்செலவுக்குச் சிறிது பணம் போதும்; சம்பளம் எவ்வளவு என்று எவரும் கேட்பதில்லை. நியூயார்க் டைம்ஸ் இதழாளர் டான் பேரி இவ்வரலாற்றை முதலில் 2014இல் கட்டுரையாகவும் 2016இல் நூலாகவும் எழுதியபோது அச்சொல்லையே தலைப்பில் வைத்தார். கட்டடத்தின் உள்ளே நிகழ்ந்தவை பின்னர் நீதிமன்றத்தில் வெளிவந்தன: அடி, வசை, தண்டனையாகச் சுற்றிச் சுற்றி நடக்க வைத்தல், கட்டிலோடு விலங்கிடுதல்.

எச்சரிக்கைகள் இல்லாமல் இல்லை. டெ மாய்ன் ரெஜிஸ்டர் நாளிதழ் 1979இலேயே இவ்வேற்பாட்டைக் கேள்விக்குட்படுத்தி விரிவான செய்திகள் வெளியிட்டது. அதன்பின்னும் முப்பதாண்டுகள் கழிந்தன. இறுதியில் இதை வெளிக்கொணர்ந்தது அரசுத் துறை எதுவுமன்று. தொழிலாளர் ஒருவரின் சகோதரி, பல பத்தாண்டு உழைப்புக்குப்பின் உடன்பிறந்தவரின் சேமிப்பு ஏறத்தாழ 80 டாலரே என்று அறிந்து அதே நாளிதழின் செய்தியாளருக்குத் தெரிவித்தார்.

சமவாய்ப்பு வேலை ஆணையம் 2011இல் வழக்குத் தொடுத்தது. வழக்கின் வரலாற்றுச் சிறப்பு அது தேர்ந்த வழியில் உள்ளது. கூலிச் சட்டத்தின்படி மட்டும் வாதிட்டிருந்தால், விலக்குக்கான சான்றிதழ் முறையாக இருந்ததா, கழிவுகள் சரியா என்ற கணக்கோடு அது முடிந்திருக்கும். ஆணையமோ குறைபாடுடைய அமெரிக்கர் சட்டத்தின்கீழ் இதைப் பாகுபாடு என்று வாதிட்டது. ஒரே வேலைக்குக் குறைபாட்டைக் காரணமாக்கிக் குறைத்துக் கொடுத்தது பாகுபாடு என்பதே வாதம். 2012இல் நீதிபதி சார்லஸ் வோல், 2007 முதல் 2009 வரையிலான காலத்துக்கு மட்டும் 13 லட்சம் டாலர் நிலுவைக் கூலி வழங்க ஆணையிட்டார். அதற்கு முந்தைய முப்பதாண்டு உழைப்பு கணக்கில் வரவேயில்லை. 2013 மே மாதம் டேவன்போர்ட்டில் நடுவர் குழு 32 பேருக்கும் தலைக்கு 75 லட்சம் டாலர் வீதம் மொத்தம் 24 கோடி டாலர் இழப்பீடு அறிவித்தது. நூறு பேருக்கு மேற்படாத நிறுவனத்துக்குச் சட்டம் விதித்த உச்சவரம்பு தலைக்கு 50,000 டாலர். ஆகவே தொகை 16 லட்சமாகச் சுருங்கியது. உலகெங்கும் செய்தியானது 24 கோடி. சட்டத்தின் கணக்கில் நின்றது 16 லட்சம்.

விடுவிக்கப்பட்டோருள் பலர் அயோவாவின் வாட்டர்லூ நகரில் குடியமர்ந்தனர். வீட்டுச் சாவியைத் தம் கையில் வைத்துக்கொண்டனர்.

வேலையைத் தக்கவைத்தல்

அட்டலிசா ஒரு முனை. அதற்கு வெளியே, பொதுப் பணியிடங்களில் முறையான கூலிக்கு அமர்ந்தோரின் இடர்கள் வேறு வகையின. வேலை இழப்புக்குத் தொழில்திறனின் குறைவைவிடப் பணியிடப் பழகுமுறையே பலநேரம் காரணமாவதை மறுவாழ்வுத் துறை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் சுட்டியுள்ளன. மேலாளர் மாறுவது, பேருந்துத் தடம் மாறுவது, வழக்கமாக உதவிய சக ஊழியர் விலகுவது போன்ற சிறு மாற்றங்கள் போதும். மூன்றாண்டு நன்கு உழைத்தவர் மூன்று வாரத்தில் வெளியே நிற்பார். பணிப் பயிற்றுநர் விலகிய பின்னரே இவை நிகழ்கின்றன; நிதியோ தொடக்கக் காலத்துக்கே ஒதுக்கப்படுகிறது.

பணத்தின் பொறி மற்றொன்று. 1974இல் நடைமுறைக்கு வந்த துணைப் பாதுகாப்பு வருமானத் திட்டம், உழைக்க இயலாமையைத் தகுதியாக வைத்தது. அதனோடு மருத்துவக் காப்பீடும் பிணைந்திருந்தது. உழைக்க முடியும் என்று மெய்ப்பித்தால் மருந்தும் மருத்துவரும் போய்விடும் என்ற அச்சம் பல குடும்பங்களைப் பணிக்கூடத்தின் சிறுகூலியிலேயே நிறுத்தியது. 1980களில் இவ்விதி தளர்த்தப்பட்டது. ஆயினும் பயனாளி சேமித்துவைக்கக்கூடிய சொத்தின் வரம்பு 1989 முதல் 2,000 டாலராகவே நிற்கிறது. விலைவாசி எவ்வளவோ ஏறியபின்னும் இத்தொகையை எவரும் தொடவில்லை. உழைத்துச் சேமிக்கும் ஒருவரைச் சட்டமே தண்டிக்கும் நிலை இது.

மூடப்படும் கூடங்கள்

வெர்மான்ட் மாநிலம் 2002இல் தன் கடைசிக் காப்புப் பணிக்கூடத்தை மூடியது. நியூ ஹாம்ப்ஷயர் 2015இல் குறைகூலியைச் சட்டத்தாலேயே தடைசெய்தது. ஓல்ம்ஸ்டெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999இல் வகுத்த கோட்பாடு, தேவையின்றித் தனித்துவைத்தல் பாகுபாடு என்பது. அது உறைவிடத்தைப் பற்றியது. ஆரெகன், ரோட் ஐலண்ட் மாநிலங்களில் எழுந்த வழக்குகள் அதைப் பணியிடத்துக்கும் விரித்தன. 2014ஆம் ஆண்டின் தொழிலாளர் புத்தாக்க, வாய்ப்புச் சட்டம், 24 வயதுக்குட்பட்டோரைப் பொது வேலைக்கு முயன்று பார்க்காமல் குறைகூலிக்கு அனுப்புவதைத் தடுத்தது.

இம்மூடல்களை முன்னேற்றத்தின் நேர்கோடாக எழுதுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. கூடம் மூடிய ஊர்களில் சிலர் பொது வேலை பெற்றனர். வேறு சிலர் கூலியே இல்லாத பகல்நேர மையங்களில் அமர்ந்தனர். 'என் மகளுக்கு இருந்த ஒரே இடத்தையும் பறித்தீர்கள்' என்னும் கருத்துப்பட முறையிட்ட பெற்றோரின் குரலைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட இயலாது; 1973இல் தொழுவத்திலிருந்து கூடத்துக்கு அனுப்பப்பட்டவரின் நினைவு அக்குரலில் உள்ளது. எனினும் அம்முறையீடு கேட்பது குறைகூலியை அன்று. பகல்பொழுதுக்கு ஓர் இடத்தையும் துணையையும் வேலையையும். கூலிச் சட்டத்தின் விலக்கு இவற்றுள் எதையும் தருவதாக வாக்களித்ததில்லை.

2024 டிசம்பரில் உழைப்புத் துறை, புதிய சான்றிதழ்களை நிறுத்திப் பழையவற்றைப் படிப்படியாக முடிக்கும் வரைவு விதியை வெளியிட்டது. 2025 ஜூலையில் அதே துறை அவ்வரைவைத் திரும்பப் பெற்றது. அத்துறை காட்டிய காரணங்களுள் ஒன்று சட்டத்தின் சொற்களே: வேலைவாய்ப்புச் சுருங்காமல் தடுக்கத் தேவையான அளவுக்குச் சான்றிதழ் வழங்குவது துறையின் கடமை என்று 14ஆம் பிரிவு கூறுவதால், அதை முற்றாக நிறுத்தும் அதிகாரம் துறைக்கு இருப்பதாகத் தெரியவில்லை. 1938இல் சோதிக்கப்படாமல் சட்டத்துள் நுழைந்த அவ்வூகம் இன்றும் அதே பிரிவில் அதே இடத்தில் உள்ளது.